சுழி சரியில்லாத நாட்டுக் குதிரை பந்தயத்தில் முந்துவது எதனால்?

விளாத்திகுளம் வண்டிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையை ஒட்டி நடந்த குதிரை வண்டிப் பந்தயத்திற்குப் பிறகு, டீக்கடையில் தொடங்கிக் களத்துமேடு வரை ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கை இந்த இழையில் வைக்கிறேன். என் சித்தப்பாவிடம் இருக்கும் செவலைப் பெட்டைக்கு வம்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உப்பளத்துப் பக்கம் சுமை வண்டி இழுத்துக்கொண்டிருந்த நாட்டுக் குதிரை அது. நெற்றி மயிரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரட்டைச் சுழி; அதை ஆகாத குறி என்பார்கள். நான்கு காலிலும் முகத்திலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி என்று விலை ஏறியிருக்கும்; இதற்கோ முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். கடைசியில், சுமாரான ஒரு கறவை மாட்டின் விலைக்கும் குறைவாகக் கொடுத்துச் சித்தப்பா அதை ஓட்டி வந்தார்.

அந்தக் குதிரைதான் நடுக் குதிரைப் பிரிவில், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிவந்த குதிரைகளைப் பின்னால் விட்டுவிட்டு வந்து நின்றது. ஒரு முறையென்றால் வாய்ப்பு என்று சொல்லிவிடலாம். அடுத்தடுத்த ஊர்ப் பந்தயங்களிலும் அதுவே நடந்ததால் ஊர் இரண்டுபட்டுவிட்டது. அதன் முன்னோரில் எங்கேயோ நல்ல இரத்தம் கலந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எல்லாம் சித்தப்பாவின் நேரம் என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. மலிவாக வாங்கப்பட்ட எளிய குதிரைகள் பெரிய அளவில் சாதித்த செய்திகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவை ஏன் சாதித்தன என்ற விளக்கத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாளை வாசகன்:

சுமை வண்டி என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது ஸ்னோமேன் என்ற அமெரிக்கக் குதிரை. 1956ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹாலண்ட் ஏலச் சந்தைக்கு, ஹாரி டி லேயர் என்ற குதிரைப் பயிற்சியாளர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். நல்ல குதிரைகள் விலை போய்விட்டன. இறைச்சிக்காக லாரியில் ஏற்றப்பட்டுவிட்ட சாம்பல் நிற உழவுக் குதிரை ஒன்று மட்டும் அவர் கண்ணில் பட்டது. ஏர் இழுத்த வார் உராய்ந்து அதன் மார்பில் தழும்பு விழுந்திருந்தது. 80 டாலர் கொடுத்து அதை இறக்கச் சொன்னார். பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கச் சாதுவான குதிரை ஒன்று வேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு எந்த எண்ணமும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவை. பக்கத்தில் வசித்த ஒரு மருத்துவருக்கு அவர் அதை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார். குதிரையோ அங்கே இருந்த உயரமான வேலிகளைத் தாண்டித் தாண்டிப் பழைய கொட்டிலுக்கே திரும்பி வந்தது. தாண்டாமல் இருப்பதற்காக ஒரு டயரைக் கயிற்றில் கட்டிவிட்டார்கள். அதையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அப்போதுதான் டி லேயருக்கு அதன் தாண்டும் திறன் புலப்பட்டது. ஏலத்தில் வாங்கி இரண்டே ஆண்டுகளில், 1958இல், நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த தேசியப் போட்டியில் தடை தாண்டும் பிரிவில் அது வாகை சூடியது. மறு ஆண்டும் வென்றது. அதன் தாய் தந்தை யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஓட்டப் பந்தயத்தில் என்றால் ஜான் ஹென்றி. 1975இல் பிறந்த அது, ஒரு வயதுக் குட்டியாக 1,100 டாலருக்கு விலை போயிற்று. முழங்கால் பின்னோக்கி வளைந்திருந்தது. தந்தைக் குதிரைக்குப் புகழும் இல்லை. போதாக்குறைக்குக் குணமும் கெட்டது. கொட்டிலில் மாட்டிய இரும்பு வாளிகளைப் பிடுங்கிப் போட்டு மிதித்துத் தட்டையாக்கிவிடும் என்பதால்தான், சம்மட்டி அடிக்கும் நாட்டுப்புற வீரன் ஒருவனின் பெயரை அதற்கு வைத்தார்களாம். கை மாறிக் கை மாறி 1978இல், சைக்கிள் இறக்குமதி வணிகம் செய்த சாம் ரூபின் என்பவர் குதிரையை நேரில் பார்க்காமலே 25,000 டாலருக்கு வாங்கினார். 83 ஓட்டங்களில் 39 வெற்றி, 65 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பரிசுப் பணம், 1981இலும் 1984இலும் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருது. இரண்டாம் முறை அந்த விருதைப் பெறும்போது அதற்கு வயது ஒன்பது. மற்ற ஓட்டக் குதிரைகள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் வயது அது.

கணக்குப்பிள்ளை:

பாளை வாசகன் எழுதியவை உண்மையான செய்திகளே, மறுக்கவில்லை. ஆனால் இவற்றை அடுக்குவதால் எதுவும் நிறுவப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மலிவாக வாங்கப்பட்ட குதிரைகள் எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை எங்கும் பெயர் வராமல் வண்டி இழுத்தோ, இறைச்சிக்குப் போயோ முடிந்துவிடுகின்றன. நியூ ஹாலண்டில் அன்று அதே லாரியில் ஏறிய மற்றக் குதிரைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. வென்றதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எளிய குதிரையில் ஏதோ மறைபொருள் இருக்கிறது என்று பேசுவது, குலுக்கலில் பரிசு விழுந்தவரை அழைத்துச் சீட்டு வாங்கும் முறையைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

விலைக்கும் ஓட்டத்திற்கும் உள்ள உறவு தளர்வானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2006இல் அமெரிக்காவில் 160 லட்சம் டாலருக்கு ஏலம் போன தி கிரீன் மங்கி என்ற குதிரை, மூன்று முறை ஓடி, ஒரு முறையும் வெல்லாமல், பத்தாயிரம் டாலர் சொச்சம் சம்பாதித்து ஓய்ந்தது. 2008இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஓட்டக் குதிரைகளின் வாழ்நாள் பரிசுப் பணத்தைக் கணக்கிட்டபோது, குதிரைக்குக் குதிரை காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடே பரம்பரையால் வருவது என்று கண்டார்கள். மீதி, வளர்ப்பு, பயிற்சி, ஓட்டுபவர், எந்தப் பந்தயத்தில் இறக்குகிறார்கள் என்பன போன்றவை. ஆகவே வண்டிக்காரர் ஊரில் முதல் கட்சி சொல்லும் 'எங்கேயோ கலந்த நல்ல இரத்தம்' தேவையே இல்லை. இரண்டாவது கட்சியின் பக்கம்தான் நான் சாய்கிறேன். அவர்கள் நேரம் என்று சொல்வதை நான் நிகழ்தகவு என்று சொல்வேன்.

ஜட்கா வீட்டுப் பேரன்:

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொல்வதைப் பாதிதான் ஏற்க முடிகிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஜட்கா வண்டிகள் நின்ற காலத்தில் என் தாத்தா வண்டி வைத்திருந்தார். அவர் வாங்கியதெல்லாம் மற்றவர்கள் சுழி சரியில்லை என்று தள்ளிய குதிரைகள்தான். கையில் இருந்த காசுக்கு அவையே கிடைத்தன. ஆனால் தள்ளப்பட்டவற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடித்து வரவில்லை.

அவர் பார்க்கும் முறையைச் சிறுவனாக அருகில் நின்று கவனித்திருக்கிறேன். முதலில் குதிரைக்கு எதிரே போகமாட்டார். அது தீவனம் தின்னும் நேரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார். கொள்ளை மென்று தின்கிறதா, அள்ளி விழுங்குகிறதா, பக்கத்துக் குதிரை தலையை நீட்டினால் விட்டுக்கொடுக்கிறதா என்று பார்ப்பார். பிறகு முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் நரம்பை, அதாவது தசைநாணை, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக வழிப்பார். அந்த நரம்பு முறுக்கிய கயிற்றைப் போல விறைப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் சூடோ புடைப்போ தட்டுப்பட்டால், சுழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். குளம்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதும் உண்டு, அழுகல் வாடை இருக்கிறதா என்று. கடைசியாக வெறும் வண்டியில் பூட்டி, வண்ணார்பேட்டை வரை ஓட்டி, நிறுத்தியவுடன் விலாவைப் பார்ப்பார். மூச்சு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதுதான் அவருக்கு முடிவான சோதனை.

நெற்றியைத் தடவிப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் இதில் எதையும் பார்க்கவில்லை அல்லவா? சந்தை தவறான இடத்தைப் பார்த்து விலை சொல்கிறது என்றால், சரியான இடத்தைப் பார்ப்பவனுக்கு நல்ல குதிரை மலிவாகக் கிடைக்கும். இதைக் குலுக்கல் என்று எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற கால்நடைக்காரர்:

பேரன் தம்பி தம் தாத்தாவைப் பற்றி எழுதியது அறிவியலோடு ஒத்துப்போகிறது. ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது 220ஐயும் தாண்டும். இந்த ஏற்றத்தை விட, நின்ற பிறகு அது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதே குதிரையின் தாங்குதிறனைக் காட்டும். அயல்நாடுகளில் நடக்கும் நெடுந்தொலைவுக் குதிரைப் போட்டிகளில், இடையிடையே நிறுத்தி, குறித்த நேரத்திற்குள் துடிப்பு 64க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓட விடுவதில்லை. தாத்தா கடிகாரம் இல்லாமல் விலாவைப் பார்த்து இதையே செய்திருக்கிறார்.

மற்றொன்று, குதிரையின் மண்ணீரல். சிவப்பணுக்கள் நிறைந்த இரத்தத்தைச் சேமித்து வைத்திருந்து, பாய்ச்சல் தொடங்கியதும் அதைச் சுருங்கிப் பிழிந்து இரத்த ஓட்டத்தில் விட்டுவிடும் உறுப்பு அது. பாயும் குதிரையின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் செறிவு, ஓய்வில் இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காவது இதனால்தான். இதயமோ மண்ணீரலோ வெளியே தெரிவதில்லை. கால் வளைவு தெரிகிறது, நிறம் தெரிகிறது, சுழி தெரிகிறது. விலை அவற்றின் மேல் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. கால் வளைவை நான் சுழியோடு சேர்க்கமாட்டேன். அது உண்மையான குறைதான், பெரும்பாலான குதிரைகளை அது முடமாக்கும். ஆயினும் முன்னங்கால் கோணலாக இருந்ததால் 1,200 டாலருக்கு விற்கப்பட்டு வெனிசுவேலாவுக்குப் போன கேனோனேரோ, 1971இல் திரும்பி வந்து, அமெரிக்காவின் பெரும் பந்தயங்களான கென்டக்கி டெர்பியையும் பிரீக்னெஸையும் வென்றது.

வண்டிக்காரர் தம்பி ஒன்று செய்யலாம். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். வழக்கமான தொலைவு ஓட்டி நிறுத்திய உடனும், கால் மணி நேரம் கழித்தும் எண்ணிக் குறித்து வையுங்கள். பல நாள் குறிப்பு சேர்ந்தால் அது எந்தச் சுழியையும் விட மேலான சாட்சி.

பாளை வாசகன்:

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு: பரம்பரையின் பங்கு 10 விழுக்காடுதான் என்றால், மீதித் தொண்ணூறை முழுவதும் நிகழ்தகவு என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடுவது நியாயமா? வளர்ப்பும் பயிற்சியும் அதில்தானே இருக்கின்றன?

ஆஸ்திரேலியாவில் ஜோ ஜானியாக் என்ற டாக்சி ஓட்டுநர், முழங்கால் கெட்டது என்று கழிக்கப்பட்ட டேக்ஓவர் டார்கெட் என்ற குதிரையை 1,250 டாலருக்கு வாங்கினார். பெரிய கொட்டில் அவருக்கு இல்லை. பந்தயத் திடல் ஓரத்தில் கூண்டு வண்டியில் தங்கிக்கொண்டு அந்தக் குதிரையோடு பொழுதைக் கழித்தார். கால் தாங்கும் வரை பொறுத்து, நான்கு வயதுக்குப் பிறகே பந்தயத்தில் இறக்கினார். முதல் ஏழு ஓட்டங்களிலும் அது வென்றது. 2006இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட்டிலும், அதே ஆண்டு ஜப்பானிலும், 2008இல் சிங்கப்பூரிலும் வென்று, 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது. முதலில் அதை வைத்திருந்தவர்களிடமும் அதே குதிரைதான் இருந்தது.

இங்கிலாந்தின் ரெட் ரம் இன்னும் தெளிவான சான்று. 400 கினி விலைக்கு வாங்கப்பட்ட அது, குறுந்தொலைவு ஓட்டத்திற்கென்று வளர்க்கப்பட்டது. குளம்பு எலும்பில் அழற்சி கண்டு நொண்டத் தொடங்கியதும் அதன் கதை முடிந்தது என்றே பலரும் கருதினார்கள். கார் வியாபாரம் செய்துகொண்டே குதிரைப் பயிற்சியும் அளித்த ஜிஞ்சர் மெக்கெய்ன், சவுத்போர்ட் கடற்கரை மணலில் அதை ஓட்டி, கடல்நீரில் நடக்கவிட்டுப் பழக்கினார். கால் தேறியது. நான்கு மைலுக்கு மேல் ஓடி முப்பது தடைகளைத் தாண்ட வேண்டிய கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் அது வென்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது. மூன்று முறை வென்ற குதிரை அது ஒன்றுதான். உங்கள் குலுக்கலில் ஒரே ஆளுக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பரிசு விழுமா?

கணக்குப்பிள்ளை:

ரெட் ரம் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. திறமையுள்ள குதிரை திரும்பத் திரும்ப வெல்லும். அதை நான் மறுக்கவில்லை. எந்தக் குதிரைக்கு அத்திறமை வாய்க்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே என் கட்சி. மெக்கெய்ன் அதே கடல்நீரில் வேறு குதிரைகளையும் நடத்தினார்; அவை ரெட் ரம் ஆகவில்லை.

எளிய வம்சம் என்று கொண்டாடப்படும் சில குதிரைகள் உண்மையில் அவ்வளவு எளியவையும் அல்ல. 1936இல் ஏறத்தாழ 8,000 டாலருக்கு விற்கப்பட்டு, 1938 நவம்பரில் வார் அட்மிரல் என்ற குதிரையைத் தோற்கடித்த சீபிஸ்கட், அமெரிக்காவின் பெரும் புகழ் பெற்ற மேன் ஓ வார் என்ற குதிரையின் பேரன். 2014இல் கென்டக்கி டெர்பியை வென்ற கலிபோர்னியா குரோமின் தாய் 8,000 டாலருக்கு வாங்கப்பட்டது என்பதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதன் தந்தை வழி ஏ. பி. இண்டி, சியாட்டில் ஸ்லூ என்ற பெருங்குதிரைகளுக்குப் போகிறது என்பதைச் சிறிய எழுத்தில்தான் போட்டார்கள். ஏழைக் குதிரை என்றால் செய்தி நன்றாக விற்கும்.

வல்லநாட்டுச் செல்வி:

பந்தயத்தை மட்டுமே அளவாக வைத்துப் பேசுகிறீர்கள். வண்டிக்காரர் அண்ணனின் குதிரை சுமை இழுத்த குதிரை என்பதால், கொரியப் போரில் சுமை தூக்கிய ரெக்லெஸ் என்ற பெட்டைக் குதிரையை இங்கே சொல்ல வேண்டும். 1952 அக்டோபரில் சியோல் நகரத்துப் பந்தயத் திடலில் ஒரு கொரியச் சிறுவனிடமிருந்து அமெரிக்க மரைன் படை வீரர்கள் அதை 250 டாலருக்கு வாங்கினார்கள். கண்ணிவெடியில் காலை இழந்த அக்காவுக்குச் செயற்கைக் கால் வாங்குவதற்காக அவன் விற்றான். 1953 மார்ச் மாதம் நடந்த சண்டையில் ஒரே நாளில் 51 முறை, மலைச் சரிவில், குண்டுமழைக்கு நடுவே, கிடங்கிலிருந்து பீரங்கி நிலைக்கு அது குண்டுகளைச் சுமந்து சென்றது. பெரும்பாலான நடைகளில் அதைப் பிடித்துச் செல்ல ஆள் இல்லை. வழி தெரிந்து தானே போய்த் தானே திரும்பியது. இரண்டு முறை காயம் பட்டும் நிற்கவில்லை. பின்னர் முறைப்படி சார்ஜண்ட் பதவி கொடுத்தார்கள்.

ஒரு வழியைச் சில நடைகளில் மனத்தில் பதித்துக்கொள்வதும், கூச்சலுக்கு மிரளாமல் இருப்பதும் எந்த ஏலப் பட்டியலிலும் வருவதில்லை. உப்பளத்தில் லாரிச் சத்தத்திற்கு நடுவே வண்டி இழுத்த குதிரை, பந்தயச் சாலையில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்களுக்கும் விசில் சத்தத்திற்கும் மிரளாது என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கில் வாங்கிய குதிரைகள் அங்கே எப்படி நடந்துகொண்டன என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

விளாத்திகுளம் வண்டிக்காரன்:

செல்வி கேட்டது சரியான இடத்தைத் தொடுகிறது. அந்தியூரிலிருந்து வந்த குதிரைகளில் ஒன்று புறப்படும் இடத்திலேயே வேட்டுச் சத்தத்திற்கு ஏர்க்காலை உதைத்துக்கொண்டு நின்றது. மற்றொன்று திரும்பும் இடத்தில் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கியது. எங்கள் செவலை காதைக்கூட அசைக்கவில்லை.

காயல் கரை:

விலை உயர்ந்த குதிரை என்றவுடன் நம் ஊரின் பழைய கதை ஒன்றை யாரும் எடுக்கவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகம், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரை இறக்குமதிக்கு உலகறிந்த துறைமுகம். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல், இன்றைய பழையகாயல்தான் என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அடையாளம் காட்டினார். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்த குதிரைகளைப் பாண்டிய மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்திற்கும் மேலாகப் பொன் கொடுத்து வாங்கினான் என்றும், ஆண்டு முடிவதற்குள் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை மருத்துவர் எவரையும் வணிகர்கள் உடன் வரவிடவில்லை, குதிரைகள் செத்தால்தானே மீண்டும் விற்க முடியும் என்பது அவர் சொல்லும் காரணம். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும், உயர்ந்த பொலிக்குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் பாண்டி நாட்டில் நடந்ததாகச் சொல்கிறோம். பரியை ஒன்றுமில்லாமல் ஆக்கிய வேலையும் இங்கேயே நடந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற கால்நடைக்காரர்:

கால் கோணிய குட்டிகளைப் பற்றிய செய்திக்கு என் துறையிலிருந்து ஒரு விளக்கம் தர முடியும், ஊகம்தான் என்ற குறிப்போடு. தவிடு, அரிசி போன்றவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அவற்றையே முதன்மைத் தீவனமாக்கினால், குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு நொய்ந்து, முகம் உப்பி, கால் நொண்டும். சினைப் பெட்டைக்கு இது நேர்ந்தால் குட்டியின் எலும்பும் தேறாது. பாண்டியனின் கொட்டிலில் வம்சம் கெட்டிருக்கத் தேவையில்லை. தீவனத் தொட்டி கெட்டிருந்தால் போதும். வண்டிக்காரர் தம்பி, உங்கள் சித்தப்பா தவிடு எவ்வளவு வைக்கிறார்?

விளாத்திகுளம் வண்டிக்காரன்:

தவிடு தாராளமாகத்தான் வைக்கிறார், ஐயா. இனிக் குறைத்து, புல்லையும் ஊறவைத்த கொள்ளையும் முதன்மையாக வைக்கச் சொல்கிறேன்.

இதற்கிடையில் புதிய சிக்கல் ஒன்று. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தரகர் வந்து, வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொல்கிறார். சித்தப்பாவோ, பந்தயத்தை நிறுத்திவிட்டு நல்ல பொலிக்குதிரையோடு சேர்த்துக் குட்டி எடுக்கலாமா என்று யோசிக்கிறார். என்ன செய்யலாம்?

ஜட்கா வீட்டுப் பேரன்:

இந்த இழையில் வந்த குதிரைகளைத் திரும்பப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஸ்னோமேன், ஜான் ஹென்றி, ரெட் ரம், டேக்ஓவர் டார்கெட் ஆகிய நான்கும் காயடித்த குதிரைகள். நல்ல வம்சம் என்று கணக்குப்பிள்ளை அண்ணாச்சி காட்டிய சீபிஸ்கட்டும் கலிபோர்னியா குரோமும் காயடிக்கப்படாமல் பொலிக்குப் போனவை. இது தற்செயல் அல்ல. வம்சமில்லாத ஆண் குதிரையின் விதையை எவரும் விரும்புவதில்லை. ஆகவே குணத்தை அடக்கக் காயடித்துவிடுகிறார்கள். வம்சமுள்ள குதிரை இரண்டு பெரிய பந்தயத்தில் வென்றால், மூன்று நான்கு வயதிலேயே பொலிக்கு அனுப்பிவிடுகிறார்கள். காயடித்த குதிரைக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதால், அது ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது; ஜான் ஹென்றி ஒன்பது வயதில் வென்றது, ரெட் ரம் பன்னிரண்டு வயதில். அவற்றின் பெருமை வெளியே வரப் போதிய காலம் கிடைத்தது என்பதே என் கருத்து. ஓடும்வரை ஓடட்டும், குட்டி பிறகு பார்க்கலாம்.

பாளை வாசகன்:

குட்டி எடுப்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில், மதுக்கடையில் வேலை பார்த்த ஜான் வோக்ஸ் என்ற பெண்மணி, ஓட்டத்தில் தேறாத ஒரு பெட்டையைச் சில நூறு பவுண்டுக்கு வாங்கிக் குட்டி எடுத்தார். ஊர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் வாரம் 10 பவுண்டு போட்டு அதை வளர்த்தார்கள். ட்ரீம் அலையன்ஸ் என்ற அந்தக் குட்டி, கால் நரம்பு அறுபட்டு, குருத்தணுச் சிகிச்சையில் தேறி, 2009இல் வெல்ஷ் நேஷனல் பந்தயத்தை வென்றது. பேரன் பட்டியலுக்கு வசதியாக, அதுவும் காயடித்ததே.

கணக்குப்பிள்ளை:

பேரனின் கவனிப்பு நன்றாக இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. வண்டிக்காரரிடம் ஒரே வேண்டுகோள். இனி நடக்கும் பந்தயங்களின் முடிவை, தோற்றாலும் சரி, இங்கே எழுதுங்கள். வென்றதை மட்டும் எழுதினால் நான் முதலில் சொன்ன குறை இந்த இழைக்கும் வந்துவிடும்.

விளாத்திகுளம் வண்டிக்காரன்:

கேட்டபடி எழுதுகிறேன். எட்டயபுரம் பக்கத்துப் பந்தயத்தில் செவலை மூன்றாவதாக வந்தது. திரும்பி வரும் வழியில் இடது முன்னங்காலில் லாடம் கழன்றுவிட்டது. சாரதி வேகத்தைக் குறைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். நிறுத்திய கால் மணி நேரத்தில் நாடித்துடிப்பு 52. கால் நரம்பைப் பேரன் சொன்னபடி வழித்துப் பார்த்தோம், சூடு இல்லை. தரகர் மறுநாளே போன் செய்து, முன்பு சொன்னதில் பாதிதான் தர முடியும் என்றார். சித்தப்பா விற்கவில்லை, லாடக்காரரை வரச் சொல்லியிருக்கிறார்.